ஒன்றே முக்கால் கிலோ பொய்

அத்தியாயம் 5

மைனஸ் இருபத்தெட்டு டிகிரிக் குளிரில், இருபது கிலோ இரும்புத் தட்டு ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, ஸ்லேட் பே பல்கலைக்கழக உணவுக்கூடத்தின் பின்கதவை முழங்காலால் தட்டினான் ரெமி உல்லெட்.

"பாஸ், இதுக்கு ஒரு பேர் வெச்சுடலாமா? தூக்கிட்டு வந்த தூரத்துக்கு எனக்குப் பாசமே வந்துடுச்சு."

"கீழ போட்டுடாத. அது சாட்சி," என்றார் இர்மா ஹக்கலா.

இர்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷம் மாகாணப் போலீஸில் இருந்துவிட்டு, இப்போது பேக்கரி மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். ரெமி அவருடைய ஒரே உதவியாளன். அதற்கு முன்னால் ஐஸ் ரிங்க்கில் பனித்தளம் வழிக்கிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மேயரின் ஆட்டத்தைப் பற்றி ஒலிபெருக்கியில் தன் கருத்தைச் சொன்னதில் அந்த வேலை போயிற்று.

விவகாரம் இதுதான். ஸ்லேட் பே அணிகள் எல்லாவற்றுக்கும் லூன் என்ற ஏரிப்பறவையின் பெயர்: லூன்ஸ். அதில் பெண்கள் மல்யுத்த அணி இரண்டு வாரத்துக்கு முன் பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் தெற்கே போனது. போட்டிக்கு முன் எடை பார்த்தார்கள். ஆறு பேரில் நான்கு பேர் அவரவர் எடைப் பிரிவின் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். கிளம்பும்போது தங்கள் அறை மெஷினில் பார்த்தபோது எல்லோரும் வரம்புக்குள்தான் இருந்தார்கள். நான்கு பேரும் பாயில் கால் வைக்காமலே திரும்பினார்கள். விளையாட்டு இயக்குநர் கிளைவ் ரட்லெட்ஜ் கடிதம் நீட்டினார்: இன்னொரு முறை இப்படி நடந்தால் அணி கலைக்கப்படும்.

அந்த இன்னொரு முறை இன்றைக்குத்தான். பிராந்தியச் சாம்பியன் போட்டி இந்த ஊரிலேயே நடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு எடை. இப்போது மணி பதினொன்று.

மல்யுத்த அறையின் மெஷின் பொய் சொல்கிறது என்பதை இர்மா காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார். நாலு நாளுக்கு முன் அவரை அமர்த்திய பயிற்சியாளர் டோனா காப்ரெட்டி அதைக் கேட்டதும் ஒரு நாற்காலியை உதைத்தார். பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தது யார் என்பதுதான் மிச்சம்.

சமையல்கூடத் தலைவி பெர்னிஸ் கதவைத் திறந்தாள். உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் இரும்புத் தட்டு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "இதை வேக வைக்கணுமா, வறுக்கணுமா?" என்றாள்.

"அரை வேக்காடு போதும்," என்றான் ரெமி.

இருபது கிலோ, இருபது கிராம்.

"போச்சு பாஸ். தட்டு யோக்கியன்."

"இப்போ யோக்கியன். காலையில பொண்ணுங்களை ரெண்டு மெஷின்ல நிறுத்தோமே, என்ன வந்துச்சு? படி."

ரெமி நோட்டைப் பிரித்தான். "ஐம்பது கிலோ பொண்ணுக்கு ஒண்ணு புள்ளி நாலு குறைச்சுக் காட்டுது. ஜோலின் அறுபத்திரண்டு கிலோப் பிரிவு, அவளுக்கு ஒண்ணே முக்கால். எழுபத்தாறு கிலோ பொண்ணுக்கு ரெண்டுக்கு மேல. ஆளோட எடை ஏற ஏற மெஷினோட உபசாரமும் ஏறுது பாஸ். இந்தக் குணத்துல ஒரு மாமியார் கிடைச்சா நான் நாளைக்கே கல்யாணத்துக்குத் தயார்."

"அடியில ஏதாவது செருகி வெச்சிருந்தா எல்லாருக்கும் ஒரே அளவுதான் தப்பு வரும். இது ஆளுக்குத் தக்கபடி தப்பு சொல்லுது. அப்படின்னா மெஷினுக்குப் பாடமே தப்பா நடத்தியிருக்காங்க. பின்னாடி தொங்குற குறிப்புல என்ன போட்டிருக்கு? இருபது கிலோவை மேல வை, பட்டனை அஞ்சு செகண்ட் அழுத்து. இதுதான் இருபதுன்னு அது மனப்பாடம் பண்ணிக்கும்."

"இருபதரையை வெச்சு இருபதுன்னு சொன்னா?"

"அதுக்கப்புறம் உலகமே அதுக்கு இளைச்சுத்தான் தெரியும். தட்டைத் திருப்பு."

ரெமி திருப்பினான். கையுறை ஒட்டிக்கொண்டது. தட்டின் முதுகில் பசைக் கறை. அதற்கு நடுவே உள்ளங்கை அளவில் இரண்டு வட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில், சுத்தமாக.

"பக் சைஸ்," என்றான் ரெமி, யோசிக்காமலே. ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டை அவன் தூக்கத்தில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான். "பசை ஹாக்கி மட்டைக்குச் சுத்துற டேப். இங்க பாருங்க, ஆரஞ்சுத் துணுக்கு. மணிக்கட்டுக்குப் பலம் வரணும்னு கனமா ஒரு பக் வெச்சிருப்பாங்க. சாதாரணப் பக் மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு பங்கு. ரெண்டு சேர்ந்தா அரைக் கிலோவுக்கு மேல..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவன் தலையில் இருந்த கம்பளிக் குல்லாவில் 31 என்று பெரிதாகப் பின்னியிருந்தது. லூன்ஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் ஃபெலிக்ஸ் ஷார்போனோவின் எண். நாளை மூன்று மணிக்குப் பிளே-ஆஃப் முதல் ஆட்டம். டிக்கெட் அவன் பர்ஸில் இருந்தது.

"ஹாக்கிக்காரங்க எதுக்குப் பாஸ் பொண்ணுங்களைக் கவுக்கணும்?"

"நீயே சொல்லு. மல்யுத்த அறை மேல யாருக்குக் கண்ணு?"

"ஹாக்கி கோச் ஸ்ட்ரிங்கருக்கு. ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கார்."

"அணியை மூட யாருக்கு ஆசை?"

"ரட்லெட்ஜுக்கு. அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல, அதுவே ஒரு குற்றம்தான்."

"வா, ரிங்க்குக்குப் போவோம். தட்டை எடுத்துக்கோ."

"இதையுமா?"

"பாசம்னு சொன்னியே."

*

ரிங்க்கின் அடித்தளத்தில் சாமான் பொறுப்பாளர் கென்னி ஸ்கேட் தீட்டிக்கொண்டிருந்தார். ஆரஞ்சுப் பக் பெட்டியை எண்ணச் சொன்னதும் எண்ணினார். இருபத்து நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு.

"எடுத்தது யார்?"

"பெட்டி திறந்தேதான் கிடக்கும் மேடம். இருபத்திரண்டு பசங்க, ஒரு கோச். யாரைன்னு சொல்றது?"

இர்மாவின் கண் சுவரில் இருந்த பெரிய அட்டவணைக்குப் போனது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்கள், எல்லாம் கீழ்நோக்கி.

"அது கோச்சோட டயட்," என்று கென்னி பெருமையாகச் சொன்னார். "கிறிஸ்துமஸ் முடிஞ்சதுலேர்ந்து முட்டைக்கோஸ் சூப். ஒரே வாரத்துல இருபத்திரண்டு பேரும் இளைச்சுட்டாங்க. மனுஷன் புத்தகம் எழுதப் போறாராம்."

"எங்க நிறுக்கறீங்க?"

"எங்க மெஷின் நவம்பர்ல செத்துப்போச்சு. மல்யுத்த ரூம்லதான். வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு, பொண்ணுங்க எல்லாம் வகுப்புல இருப்பாங்க, தொந்தரவு இல்ல."

வெளியே வந்ததும் ரெமி குதித்தான். கையில் தட்டு இருந்ததால் அது பாதிக் குதிதான். "முடிஞ்சுது பாஸ்! ஸ்ட்ரிங்கர்! சூப் ஜெயிக்கணும்னு மெஷினைக் கெடுத்திருக்கார். கூடவே அறையும் காலியாகும். ஒரே பந்துல ரெண்டு விக்கெட்... அதாவது, அந்த விளையாட்டு விளையாடற ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க."

"இருக்கலாம். இருபத்து மூணு பேர்ல அவரும் ஒருத்தர். முதல்ல மெஷினுக்குச் சரியான இருபதைச் சொல்லிக் கொடுத்துட்டு வருவோம். காலையில எழுதின கணக்குல டோனா கையெழுத்துப் போட்டிருக்கா, அது போதும் நமக்கு. அப்புறம் ஒரு அட்டையும் மார்க்கரும் வேணும்."

*

அட்டை உணவுக்கூடத்தில், தட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் வந்து நிற்கும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது.

'மல்யுத்த அறை எடை மெஷின் இன்று காலை பழுது பார்க்கப்பட்டது. இப்போது சரியான எடை காட்டும்.'

"அவ்வளவுதானா?" என்றான் ரெமி. கல்லாவுக்கு எதிர் மேஜையில் ஆளுக்கொரு பட்டாணி சூப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அது எந்தப் பக்கம் தப்பா இருந்துச்சுன்னு அட்டையில இல்ல. விஷயம் தெரியாதவன் படிச்சுட்டுச் சாப்பிடப் போவான். தெரிஞ்சவனுக்கு மட்டும் பசி போயிடும். இன்னைக்கு வெள்ளி, ரெண்டு மணிக்கு ஹாக்கிக்காரங்க மெஷின்ல ஏறணும்."

"ஆக, ஜனங்க சாப்பிடறதை உக்காந்து வேடிக்கை பாக்கறதுதான் என் வேலை. பாஸ், இதுக்குத்தான் நான் பொறந்தேன்."

பன்னிரண்டரைக்கு ஸ்ட்ரிங்கர் வந்தார். தட்டில் இரண்டு கிண்ணம் சில்லி இறைச்சிக் குழம்பு, பட்டர் டார்ட் என்ற இனிப்பு ஒன்று. அட்டையைப் படித்து, "கெட்டுப் போயிருந்துச்சா? எனக்குத் தெரியாதே!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் இன்னொரு டார்ட் எடுத்துக்கொண்டார்.

இர்மா நோட்டில் ஒரு கோடு அடித்தார். ரெமியின் முகம் தொங்கிப்போனது.

அடுத்து ரட்லெட்ஜ். கையில் வெறும் கீரைத் தட்டு. அட்டையைப் படித்தவர் நெற்றியைச் சுருக்கினார். ரெமி மேஜைக்கடியில் இர்மாவின் காலைத் தட்டினான்.

"பழுது பார்க்க யார் அனுமதி கொடுத்தது?" என்று கல்லாவில் கேட்டார் ரட்லெட்ஜ்.

"அந்தக் கீரை?" என்று அந்தப் பக்கம் வந்த பெர்னிஸிடம் கிசுகிசுத்தான் ரெமி.

"பதினொரு வருஷமா அதேதான். ஆடு கூட அலுத்துப் போயிருக்கும்."

இன்னொரு கோடு. ஹாக்கிப் பையன்கள் மூன்றும் நாலுமாக வந்தார்கள். சிலர் படித்தார்கள், சிலர் படிக்கவில்லை, எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒன்று பத்துக்கு இர்மா சூப்பில் கரண்டியைத் துழாவிக்கொண்டிருந்தபோது, கதவை நிறைத்துக்கொண்டு ஃபெலிக்ஸ் ஷார்போனோ உள்ளே வந்தான்.

ரெமி நிமிர்ந்து உட்கார்ந்தான். போன வருஷம் இந்த மனுஷன் ஒரே ஆட்டத்தில் ஐம்பத்தொரு அடி தடுத்தபோது, ரெமி முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டரைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறான். ஃபெலிக்ஸின் தட்டில் பெரிய அளவுப் புட்டீன்: உருளை வறுவல் மேல் சீஸ் கட்டிகள், அதன் மேல் சூடான கிரேவி. இரண்டு பன். சாக்லேட் பால்.

கல்லாவில் நின்றான். அட்டையைப் படித்தான். மறுபடி படித்தான், உதடு அசைய. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

பிறகு, வரிசைக்கு எதிர்த்திசையில் திரும்பிப் போய், புட்டீனை அதன் இடத்தில் வைத்தான். பன்களை வைத்தான். பாலை வைத்தான். ஒரு ஆப்பிளை எடுத்தான். அதைக் கையில் தூக்கி, எத்தனை கிராம் இருக்கும் என்று யோசிக்கிறவன் போல நின்றான்.

ரெமி ஓரக்கண்ணால் இர்மாவைப் பார்த்தான். இர்மா குனிந்து சூப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டால்? ஒரு ஆள் ஆப்பிள் சாப்பிடுவது குற்றமா என்ன? நாளை மூன்று மணி. வலைக்கு முன்னால் இவன் இல்லையென்றால் ஒரு முதல் வருஷப் பொடியன் நிற்பான். ஆறு கோல் விழும். பர்ஸில் டிக்கெட் கனத்தது.

அந்தப் பக்கம் கடைசி மேஜையில் மல்யுத்தப் பெண்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எவள் முன்னாலும் தட்டு இல்லை.

"பாஸ்," என்றான் ரெமி. "அந்த ஆப்பிள்."

"அதைச் சொல்ல உனக்குப் பதினோரு செகண்ட் ஆச்சு," என்றார் இர்மா, தலை நிமிராமல்.

"நீங்க பார்த்தீங்களா?"

"அவன் ரெண்டாம் தடவை படிக்கறப்பவே. அப்புறம் உன்னைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

ரெமி குல்லாவைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தான்.

*

அந்தப் புட்டீனையே எடுத்துப் போய் ஃபெலிக்ஸ் முன் வைத்தார் இர்மா.

"சாப்பிடுப்பா. ஆறிடப் போகுது."

"பசிக்கல."

"ரெண்டு ஆரஞ்சுப் பக். பசி வராதுதான்."

ஃபெலிக்ஸ் ஆப்பிளை மெதுவாக மேஜையில் வைத்தான். இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சின்னதாகச் சுருங்க முடியும் என்று ரெமிக்குத் தெரியாது.

"நூத்தி ஆறைத் தாண்டினா உக்கார வெச்சுடுவேன்னார் கோச். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா, அத்தைங்க, எல்லாரும் இறைச்சிப் பை சுட்டாங்க. வேணாம்னு யார்கிட்ட சொல்றது? திரும்பி வந்தப்போ நூத்தெட்டரை. மூணு கிலோதான் மேடம் எனக்கு வேண்டியிருந்துச்சு. ஒரு மாசத்துல நெஜமாவே குறைச்சுட்டு, மெஷினையும் பழையபடி ஆக்கிடலாம்னு இருந்தேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லையே."

"பொண்ணுங்க?"

ஃபெலிக்ஸ் நிமிர்ந்தான். "எந்தப் பொண்ணுங்க?"

ரெமி அவன் முகத்தையே பார்த்தான். அதில் நடிப்பு இல்லை. நாலு நாளாக இந்த ஊரில் சதிகாரனைத் தேடி அலைந்திருக்கிறார்கள். அணியைக் கவிழ்க்கத் திட்டம் போட்ட ஒருவனும் இல்லை. மெஷினைக் கெடுத்தவனுக்கு அப்படியொரு அணி இருப்பதே நினைவில் இல்லை.

"அந்த ரூம் கதவுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான் ரெமி.

"மல்யுத்தம்."

"அப்போ உள்ள யார் இருப்பாங்கன்னு நெனச்சே? கரடியா?"

ஃபெலிக்ஸ் கடைசி மேஜையைத் திரும்பிப் பார்த்தான். நான்கு பேர் எடையில் தோற்றுத் திரும்பிய செய்தி அவனுக்கும் தெரியும். அதைச் சொல்லி ஹாக்கி அணியின் பஸ்ஸில் எல்லோரும் சிரித்தபோது அவனும்தான் சிரித்திருந்தான். தான் செய்தது என்ன என்பது மெல்ல மெல்ல அவன் முகத்தில் ஏறியது.

"கோச்கிட்ட சொன்னா நாளைக்கு நான் ஆட்டத்துல இல்ல," என்றான்.

"ஆமா," என்றார் இர்மா. "ஆனா முதல்ல கோச்கிட்ட போகாத. நேரா அந்த மேஜைக்குப் போ."

அவன் எழுந்திருக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டான். ஆனால் எழுந்தான்.

*

மல்யுத்த அறையில் ஜோலின் வாபாஸ் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். உணவுக்கூடத்தில் ஃபெலிக்ஸ் சொன்னதைக் கேட்டு முடித்ததும், எழுந்து இங்கே வந்துவிட்டாள். அவன் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி," என்றாள் அவள், கயிறை நிறுத்தாமல், "எங்க ஊர்ல சமூகக் கூடத்துல ஸ்கிரீன் போட்டு எல்லாரும் உக்காந்திருந்தாங்க. என் பேர் வரவே இல்ல. எங்கப்பா ஐஸ் ரோட்டுல ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டிட்டு இப்போ வந்துட்டிருக்கார். பாக்கறதுக்கு."

"மன்னிச்சுடு. நான்..."

"அது அப்புறம். எனக்கு இன்னும் முந்நூறு கிராம் குறையணும். ஷூவைக் கழட்டு. பாயில வா."

"நானா?"

"கனமா ஒரு ஆள் வேணும்."

முதல் தடவை அவன் விழுந்த சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாம் தடவை எப்படி விழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. எட்டாவது தடவைக்கு மேல், எழுந்ததும் தானாகவே வந்து நின்றான். டோனா விசிலை வாயில் வைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். ஊத வேண்டிய தேவை வரவில்லை.

"இருபத்தி ரெண்டு," என்று எண்ணினான் ரெமி. "பாஸ், வலையில ஐம்பத்தொரு அடி தடுத்தவன். இங்க ஒண்ணு கூடத் தடுக்கல."

"எனக்கும் கொஞ்சம் குறையணும் கோச்," என்று எழுபத்தாறு கிலோப் பெண் கை தூக்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை உருவானது.

*

ஐந்து மணிக்கு நடுவர்கள் மெஷினோடு வந்தார்கள். மற்றப் பல்கலைக்கழக அணிகள், ரட்லெட்ஜ், ஸ்ட்ரிங்கர், எல்லோரும் இருந்தார்கள். ஃபெலிக்ஸ் நடுவில் வந்து நின்று, ஒன்று விடாமல் சொன்னான். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நிறுத்தவில்லை.

ஸ்ட்ரிங்கர் கழுத்து வரை சிவந்தார். "அப்போ என் சூப்?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "நாளைக்கு நீ மேல உக்காந்து ஆட்டத்தைப் பார்," என்றார்.

"இதையெல்லாம் திங்கட்கிழமை என் அறையில பேசிக்கலாம்," என்று ஆரம்பித்தார் ரட்லெட்ஜ்.

"மன்னிக்கணும்," என்றாள் தெற்கிலிருந்து வந்த தலைமை நடுவர், பேனாவை நிறுத்தாமல். "நான் எழுதிட்டேன். போன போட்டியில அந்த நாலு பேர் மேல தப்பில்லைன்னு பதிவாயிடுச்சு."

டோனா ரட்லெட்ஜின் முன் அவருடைய கடிதத்தோடு கையை நீட்டினார். "அப்போ அந்தக் கடிதத்தை நீங்களே திரும்ப வாங்கிக்கறீங்களா, நான் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டட்டுமா?"

ரட்லெட்ஜ் அவர் நீட்டிய கையைப் பார்த்தார், அறையிலிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தார். "வாங்கிக்கறேன்," என்றார்.

ஆறு பேரும் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். கடைசியில் ஜோலின். நடுவர் குனிந்து பார்த்தாள்.

"அறுபத்தொண்ணு புள்ளி ஒன்பது."

எல்லோருக்கும் முன்னால் கத்தியது ரெமிதான். நாளை மூன்று மணிக்கு ஜோலினின் முதல் ஆட்டம் என்று நடுவர் அறிவித்ததும், பர்ஸிலிருந்த ஹாக்கி டிக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் கையில் வைத்தான்.

கூட்டம் கலையும்போது ஜோலின் ஃபெலிக்ஸைப் பார்த்து மெஷினைக் காட்டினாள். அவன் தயங்கினான். பிறகு ஏறினான்.

"நூத்தி ஏழு புள்ளி ஒன்பது," என்றாள் நடுவர், மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில். "எழுதிக்கணுமா?"

"வேணாம்," என்றாள் ஜோலின்.

யாரும் சிரிக்கவில்லை. ஆறு பெண்களும் கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு நாளாகச் சாப்பிடாத வேகத்தில் உணவுக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். ஃபெலிக்ஸ் பத்தடி தள்ளி, போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். கடைசியாகப் போன ஜோலின் கதவைத் திறந்து பிடித்தபடி திரும்பினாள். பனிக்காற்று அறைக்குள் வீசியது.

"குளிருது," என்றாள். "வரியா, இல்ல கதவைச் சாத்தட்டுமா?"

ஃபெலிக்ஸ் ஷூ லேஸைக் கூடக் கட்டாமல் ஓடினான்.